வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி: லாக்கைப் பிரித்துப் பழுது நீக்கும் முறை

"குதிரை நிற்கமாட்டேன் என்கிறது" என்ற ஒரே குறையோடுதான் குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் பெரும்பாலும் எங்கள் பட்டறைக்கு வருகின்றன. குதிரை என்பது விசையை இழுத்ததும் சுத்தியல்போல் விழுந்து அடிக்கும் உறுப்பு, அதை இயக்கும் இயந்திரப் பகுதிக்கு லாக்கு என்று பெயர். பினாங்கில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி பழுதுபார்க்கும் என் மாமாவிடம் நான் வேலை கற்றேன். குறையைக் கேட்ட உடனே அரத்தை எடுப்பதுதான் இந்தத் தொழிலில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு என்பதை முதல் ஆண்டிலேயே, ஒரு நல்ல லாக்கைக் கெடுத்து, நான் தெரிந்துகொண்டேன். அதை உரிய இடத்தில் சொல்கிறேன். குதிரை நிற்காததற்குக் காரணம் எஃகின் தேய்மானமாக இருப்பதைவிட, ஈரத்தில் ஊதிய துப்பாக்கியின் மரக்கட்டையாகவோ காய்ந்து இறுகிய எண்ணெயாகவோ இருப்பதே நம் ஊரில் அதிகம். ஆகையால் இங்கே சொல்லும் முறை முழுவதும், பார்ப்பது, துடைப்பது, மறுபடி பார்ப்பது, கடைசியாக மட்டுமே உலோகத்தைத் தொடுவது என்ற வரிசையில் அமைந்திருக்கிறது.

வேலைக்கு முன் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் காவல்துறையின் உரிமம் வேண்டும். பழுதுபார்க்கும் தொழிலுக்கும் தனி உரிமம் உண்டு. தாத்தா காலத்துச் செனப்பாங் (துப்பாக்கி), சுட்டு ஐம்பது ஆண்டாயிற்று, துருப்பிடித்த இரும்புதானே என்று நினைத்து அதற்கு விலக்கு உண்டென்று தாமாக முடிவு செய்யக்கூடாது. பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணில் அப்படி ஒன்று கிடைத்தால், அதைக் கையில் எடுத்து ஆராயாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதே முறை. கீழே சொல்வது உரிமத்தோடு இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கும், உரிமமுள்ள பட்டறையில் கற்றுக்கொள்கிறவர்களுக்கும், பட்டறையில் தம் துப்பாக்கிக்கு என்ன நடக்கிறது என்று அறிய விரும்பும் உரிமையாளர்களுக்கும் உரியது.

அடுத்தது, குழலுக்குள் மருந்து இருக்கிறதா என்ற கேள்வி. எத்தனை பேர் "காலிதான்" என்று உறுதி சொன்னாலும் ஏற்கக் கூடாது. கறுப்பு மருந்து ஈரம் படாமல் அடைபட்டிருந்தால் நூறாண்டு கழித்தும் பற்றிக்கொள்ளும். கசக்கோலை, அதாவது மருந்து கெட்டிக்கும் கம்பியை, குழலுக்குள் அடிவரை மெல்ல இறக்கி, வாய்விளிம்பில் விரல் நகத்தால் அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கேப்பு என்பது அடிபட்டால் வெடிக்கும் மருந்து அடைத்த சிறு உலோகத் தொப்பி, அதை மாட்டும் சிறு குழாய் முனைக்கு நிப்பிள் என்று பெயர். கம்பியின் நுனி நிப்பிளின் அடிவரை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் ரவையும் இருப்பதாகவே கொள்ள வேண்டும். அந்த நிலையில் லாக்கைத் தொடாமல், குழல்வாயை ஆளில்லாத திசையில் வைத்து, அதை அகற்றத் தெரிந்த உரிமக்காரரிடமே விட வேண்டும். இரட்டைக் குழலென்றால் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். வலப்பக்கக் குழலை மட்டும் சுட்டுவிட்டு இடப்பக்கத்தைக் கெட்டித்தபடியே மாட்டி வைக்கும் வழக்கம் வேட்டைக்காரர்களிடம் இருந்தது.

லாக்கின் உறுப்புகள்

ஜார்ஜ்டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனவர்கள் 1603-ஆம் ஆண்டைத் தாங்கிய செரி ரம்பாய் பீரங்கியைப் பார்த்திருப்பார்கள். அதுவும் வாய்வழி கெட்டிப்பதுதான், ஆனால் அதற்கு லாக்கு இல்லை. பற்றுத்துளையில் ஒருவர் கையால் நெருப்பு வைக்க வேண்டும். அந்தக் கையின் வேலையைச் செய்யும் இயந்திரமே லாக்கு. ஸ்காட்லாந்துப் பாதிரியாரான அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-இல் அடிபட்டால் வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்த கேப்பு முறை, சிக்கிமுக்கிக் கல் லாக்குகளைச் சில பத்தாண்டுகளில் பின்னுக்குத் தள்ளியது. எங்களிடம் வருபவை அநேகமாக இந்தக் கேப்பு லாக்குகளே. குழலின் அடிப்புறத்தில் குறுக்குச் செங்கோல்களும் கிரீடமும் பொறித்திருந்தால் அது பர்மிங்ஹாமில் சோதனையிட்ட குழல். நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தது.

வெளியே தெரிவது ஒரு தகடும் குதிரையும் மட்டுமே. தகட்டின் உட்புறத்தில், குதிரையோடு ஒரே அச்சில் சுழலும் எஃகு வட்டு ஒன்று இருக்கும், அதன் பெயர் டம்ப்ளர். அதன் விளிம்பில் இரண்டு வெட்டுகள் உண்டு. ஆழமானது அரை ஏற்றத்துக்கு, அதாவது குதிரையைப் பாதி பின்னிழுத்து நிறுத்தும் பாதுகாப்பு நிலைக்கு. ஆழம் குறைந்தது முழு ஏற்றத்துக்கு, அதாவது சுடுவதற்காக முழுதும் பின்னிழுத்து நிறுத்தும் நிலைக்கு. அந்த வெட்டில் மூக்கை நுழைத்துப் பிடித்துக்கொள்ளும் நெம்புகோலுக்குச் சியர் என்று பெயர். அதன் மறுமுனையான கை குறுக்கே நீண்டு கட்டைக்குள் போகும், விசையை இழுத்தால் அந்த முனை மேலெழும்பி மூக்கு வெட்டிலிருந்து விலகும். சியரை எப்போதும் டம்ப்ளர்மேல் அழுத்தி வைப்பது சின்ன ஸ்பிரிங். குதிரையை அடிக்க வைப்பது பெரிய ஸ்பிரிங், ஆங்கில 'வி' போல மடிந்த தட்டை எஃகு. டம்ப்ளரும் சியரும் ஆடாமல் மேலிருந்து பிடித்திருக்கும் பாலத்துக்குப் பிரைடில் என்று பெயர். பெரிய ஸ்பிரிங் குதிரைக்கு முன்னால் கிடந்தால் முன்வகை, பின்னால் கிடந்தால் பின்வகை. பிரிக்கும் முறை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

கட்டையிலிருந்து எடுத்தல்

கருவிகளில் முதன்மையானது திருப்புளி. பழைய திருகாணிகளின் வெட்டு மிகக் குறுகலானது. கடையில் விற்கும் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவில் இருப்பதால் வெட்டின் மேல்விளிம்பை மட்டும் கவ்வி, வழுக்கி, ஆணித்தலையைச் சிதைத்துவிடும். ஒவ்வொரு ஆணிக்கும் அதன் வெட்டை அடிவரை நிரப்பும்படி நுனியின் இரு பக்கங்களையும் இணையாகத் தேய்த்துத் தனித்தனித் திருப்புளி செய்துகொள்வதற்கு அரை நாள் ஆகும், அந்த அரை நாளைத் தயங்காமல் செலவிட வேண்டும். அதோடு ஸ்பிரிங் கிளாம்ப் ஒன்று, பித்தளைத் தட்டுக்கம்பிகள், மெல்லிய எண்ணெய்க்கல், தடித்த அட்டை ஒன்று. பெரிய ஸ்பிரிங்கைக் குறடால் பிடித்து எடுக்க முயலக் கூடாது. நழுவினால் ஸ்பிரிங் உடையும், அல்லது கண்ணில் தெறிக்கும். கண்ணாடி போடாமல் மாமா யாரையும் அந்த மேசையருகே விடுவதில்லை.

அட்டையில் லாக்கின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு ஆணியும் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் துளையிட்டுச் செருகி வைக்க வேண்டும். இந்த ஆணிகள் கையால் செய்யப்பட்டவை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நீளமும் மரையும் வேறுபடும், ஒன்றின் துளையில் மற்றொன்றைத் திணித்தால் மரை போய்விடும். இரட்டைக் குழலில் வல லாக்கை முழுதும் பிரித்து, கழுவி, பூட்டி முடித்த பிறகே இட லாக்கைத் தொடுவது நல்லது. சேர்ப்பதில் ஐயம் வந்தால் பிரிக்காத லாக்கு கண்முன் மாதிரியாக இருக்கும்.

குதிரைகளை அரை ஏற்றத்தில் நிறுத்தி, முன்கட்டையின் குறுக்காணியைத் தட்டி எடுத்து, குழலைத் தூக்கிக் கழற்ற வேண்டும். பிறகு லாக்கைப் பிடித்திருக்கும் பக்க ஆணியை நாலைந்து சுற்று மட்டும் தளர்த்தி, ஆணித்தலையைத் திருப்புளிப் பிடியால் மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கத்துத் தகடு கட்டையிலிருந்து ஒரு மயிரிழை விலகும். தகட்டின் விளிம்பில் எதையும் நுழைத்து நெம்பக் கூடாது. விளிம்பு மரம் ஒருமுறை சிதறினால் அந்தத் தழும்பு துப்பாக்கி இருக்கும்வரை இருக்கும். துருவில் இறுகிய ஆணிக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்திருந்து, சூடாக்கிய செப்புக் கம்பியின் முனையைத் தலையில் சற்று நேரம் வைத்து, மறுபடி முயல வேண்டும்.

லாக்கு வெளியே வந்ததும் துடைக்காமல் அப்படியே பார்க்க வேண்டும். துடைத்துவிட்டால் போகும் சாட்சியங்கள் அங்கே இருக்கின்றன. சென்ற மழைக்காலத்தில் வந்த ஒன்றில், கட்டையின் குழிக்குள் குளவி கட்டிய மண்கூடு காய்ந்து கல்லாகியிருந்தது. சியரின் கைக்கு மேலே இருக்க வேண்டிய இடைவெளி முழுவதையும் அது அடைத்திருந்தது. டம்ப்ளரைச் சுற்றி, வெல்லப்பாகு முற்றி இறுகியதைப் போலப் பழுப்பு நிறப் பசை. முகர்ந்தால் சிக்கு வாடை. யாரோ ஆண்டுக்கணக்கில் தேங்காய் எண்ணெய் விட்டு வந்திருக்கிறார்கள். அந்த லாக்கின் எஃகில் ஒரு குறையும் இல்லை.

பிரித்தல்

குதிரையை முழு ஏற்றத்துக்கு இழுத்தால் பெரிய ஸ்பிரிங் மிக நெருங்கி மடிந்திருக்கும். அப்போது அதன் இரு கைகளையும் கிளாம்ப்புக்குள் அடக்கி, அசையாதபடி இறுக்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் ஸ்பிரிங் உடையும். இப்போது குதிரையைப் பெருவிரலால் தாங்கிக்கொண்டு சியரின் கையை அழுத்தி, குதிரையை மெல்லக் கீழே இறக்கினால் ஸ்பிரிங்குக்கும் டம்ப்ளருக்கும் இடையிலுள்ள கண்ணி தளர்ந்துவிடும். ஸ்பிரிங்கைக் கிளாம்ப்போடு சேர்த்தே எடுத்துவிடலாம். லாக்கு கட்டைக்கு வெளியே இருக்கும்போது குதிரையை ஒருபோதும் வேகமாக விழவிடக் கூடாது. கட்டையில் இருக்கும்போது அதைத் தடுத்து நிறுத்துவது நிப்பிள். வெளியே அந்தத் தடை இல்லாததால் அடி முழுவதும் டம்ப்ளரிலும் பிரைடிலிலும் இறங்கி, இரண்டில் ஒன்று உடையும். வாங்க வருகிறவர்கள் "அழகாக அடிக்கிறதே" என்று கையில் வைத்து இருமுறை தட்டிப் பார்த்ததிலேயே பிரைடில் விரிசல் கண்ட லாக்கை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்துச் சின்ன ஸ்பிரிங். அதன் ஆணியை இரண்டு சுற்றுத் தளர்த்தி, தகட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் அதன் சிறு முளையை மெல்லிய அலகால் கிளப்பினால் அழுத்தம் முழுதும் விடுபடும். பிறகே ஆணியை முழுதாகக் கழற்ற வேண்டும். சியர் ஆணி, சியர், பிரைடில் ஆணிகள், பிரைடில் என்று மற்றவை வரிசையாக வந்துவிடும். கடைசியில் குதிரை. டம்ப்ளரின் சதுர அச்சில் அது இறுகப் பொருந்தியிருக்கும், அதையும் நெம்பக் கூடாது. சதுரம் நான்கு பக்கமும் பொருந்தும் என்பதால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துக்கொண்டு, குதிரை ஆணியை எடுத்து, தகட்டின் இருபுறமும் மரத்துண்டு முட்டுக்கொடுத்து, அச்சைவிடச் சிறுத்த பித்தளைக் கம்பியை அச்சின் நடுவில் வைத்துத் தட்டினால் டம்ப்ளர் உட்புறமாக இறங்கிவிடும். சில உயர்தர லாக்குகளில் டம்ப்ளரின் வெட்டுக்கருகே அரிசிக் குருணை அளவில் தனியே அசையும் ஒரு துண்டு இருக்கும். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தால்தான் அது விழுந்தது தெரியும்.

கழுவுவதற்குச் சலவைச் சோடா கலந்த கொதிநீர் போதும், எத்தனை பழைய எண்ணெய்ப் பசையும் அதில் கரையும். உடனே சூடாக உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். துருவை மண்ணெண்ணெய் தோய்த்த மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் எடுக்கலாம். குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி வைத்துத் தேய்த்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு, அவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் புளிப்பு பட்ட தகட்டில் பதப்படுத்தும்போது உண்டான நீலமும் பழுப்புமான நிறம் அழிந்துபோகும், அதை மீட்க முடியாது.

குறையைக் கண்டுபிடித்தல்

சுத்தமான லாக்கைப் பெரிய ஸ்பிரிங் இல்லாமல் சேர்த்து, குதிரையைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். வெளியே வைத்துப் பார்க்கையில் சியர் இரண்டு வெட்டுகளிலும் சரியாக விழுந்து, கட்டைக்குள் வைத்தால் மட்டும் விழவில்லையென்றால் குற்றம் கட்டையுடையது. பினாங்கில் காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது, கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. குளிர்நாட்டில் உலர்ந்த வால்நட் மரம் இங்கே வந்து ஊதி, சியரின் கையை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கே உரசுகிறது என்று காண அகல்விளக்கு ஒன்று போதும். திரியின் புகையில் லாக்கின் உட்புறத்தைக் காட்டி, கரி மெல்லப் படிந்ததும் கட்டையில் வைத்து, பக்க ஆணியை முறுக்கி, குதிரையை ஒருமுறை ஏற்றி இறக்கி எடுத்தால், உரசும் இடத்தில் கறுப்புப் பொட்டு விழுந்திருக்கும். அந்தப் பொட்டை மட்டும் கூரிய உளியால் காகித கனத்துக்குச் சுரண்டி, மறுபடி புகை காட்டி, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாறு தடவை ஆகலாம். அவசரப்பட்டு ஆழமாக வெட்டினால் லாக்கைத் தாங்கும் மரமே போய்விடும். விசைக்கும் சியரின் கைக்கும் இடையில் சிறிது இடைவெளி இருக்கிறதா என்பதையும் இதே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் சியர் வெட்டின் அடிவரை இறங்காது.

நான் கெடுத்த லாக்கு இந்த இடத்தில்தான் கெட்டது. குதிரை முழு ஏற்றத்தில் நிற்காமல் நழுவியது. சியரின் மூக்கு மழுங்கியிருக்கிறது என்று நினைத்து அரத்தால் நாலு இழுப்பு இழுத்தேன். பழைய லாக்குகளில் பல உறுப்புகள் மெல்லிரும்பால் செய்து மேல்தோலை மட்டும் கடினப்படுத்தியவை. அந்தத் தோல் மிக மெல்லியது. நாலு இழுப்பில் அது போய், அடியிலிருந்த மெல்லிரும்பு தெரிந்தது, மூக்கும் குட்டையாகி அரை ஏற்ற வெட்டில் பாதிதான் நுழைந்தது. மாமா லாக்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்டைய பாத்தியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. புகை காட்டிப் பார்த்தபோது சியரின் கை மரத்தில் முட்டிக்கொண்டிருந்தது. புதுச் சியர் ஒன்றை எஃகுத் துண்டிலிருந்து அறுத்துச் செதுக்கிப் பதம் வைக்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

வெட்டும் மூக்கும் உண்மையிலேயே மழுங்கியிருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து, பழைய சாய்கோணத்தை மாற்றாமல், எண்ணெய்க்கல்லால் விளிம்பை மட்டும் நேராக்க வேண்டும். முழு ஏற்ற வெட்டின் ஆழத்தைக் குறைத்து விசையை இலேசாக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நாங்கள் மறுத்துவிடுகிறோம். அப்படிச் செய்த துப்பாக்கி தரையில் தட்டினாலே விடுபடும். அரை ஏற்ற வெட்டுக்கு மேலுதடு ஒன்று உண்டு, அது சியரின் மூக்கைக் கவ்விக்கொள்வதால் விசையை எவ்வளவு இழுத்தாலும் குதிரை விழாது. அந்த உதடு உடைந்திருந்தால் கல்லால் சரிசெய்யும் பேச்சே இல்லை. புது டம்ப்ளர் செய்ய வேண்டும், அல்லது அதைச் சுடாத காட்சிப் பொருளாகவே வைத்துவிட வேண்டும்.

பெரிய ஸ்பிரிங் உடைந்திருந்தால் பற்றவைத்து ஒட்டுவது நிற்காது. புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஏறத்தாழ 0.7 முதல் 0.95 விழுக்காடு கரி சேர்ந்த எஃகுப் பட்டையை, உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து எடுத்த அளவுக்கு அராவி, மடிப்பிலிருந்து நுனிக்குக் கனம் சீராகக் குறையும்படி செய்து, செஞ்சூட்டில் மடிக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் மடித்தால் மடிப்பில் விரிசல் விழும். அரத்தின் கீறல்கள் நீளவாக்கில் மட்டுமே இருக்கலாம், குறுக்குக் கீறல் ஒன்று மிஞ்சினாலும் பிற்காலத்தில் அங்கேதான் உடையும். ஆகவே கண்ணாடிபோல் மெருகேற்றிய பிறகே துவைச்சல், அதாவது பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது. காந்தம் ஒட்டாத சூட்டைச் சற்றுத் தாண்டியதும், சுமார் 800 பாகை செல்சியசில், எண்ணெயில் தோய்த்தால் எஃகு கண்ணாடியைப் போல் நொறுங்கும் கடினம் பெறும், அப்போது அதைக் கீழே போட்டாலும் போயிற்று. மேற்பரப்பை மறுபடி பளபளப்பாக்கி, மெல்லச் சூடேற்றினால் முதலில் வைக்கோல் நிறம், அடுத்துப் பழுப்பு, ஊதா, கடைசியில் 300 பாகையை ஒட்டி நீலம் வரும். முழு நீளத்துக்கும் ஒரே நீலமாக வரும்வரை சூட்டை நகர்த்திக்கொண்டே இருப்பதில்தான் கை பழக வேண்டும். ஆறியதும் வைஸில் வைத்து மெதுவாக அமுக்கி விட்டு, மறுபடி அமுக்கி, பழைய நிலைக்கே திரும்புகிறதா என்று பல தடவை பார்த்த பிறகே லாக்கில் மாட்ட வேண்டும்.

சேர்த்தல்

பிரித்த வரிசையைத் திருப்பிப் போட்டால் சேர்க்கும் வரிசை. டம்ப்ளரின் அச்சுக்கும் சியரின் ஆணிக்கும் கடிகார எண்ணெய் ஊசிமுனையில் ஒரு துளி, பெரிய ஸ்பிரிங் தகட்டில் உரசும் இடத்தில் சிறிது கிரீஸ். மிகுதியான எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரத்தை இற்றுப்போகச் செய்யும், சமையல் எண்ணெய் எதுவும் ஆகாது. பிரைடில் ஆணிகளை முறுக்கும்போது டம்ப்ளர் தடையின்றிச் சுழல்கிறதா என்று ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் ஒருமுறை அசைத்துப் பார்க்க வேண்டும்.

குழலையும் பூட்டி, காலி என்பதைக் கசக்கோலால் மறுபடி உறுதிசெய்துகொண்டு, நிப்பிளின் மேல் தடித்த தோல் துண்டு ஒன்றை வைத்துச் சோதிக்கலாம். அரை ஏற்றத்தில் நிறுத்தி விசையைப் பலமாக இழுத்தால் குதிரை அசையவே கூடாது. முழு ஏற்றத்தில் நிறுத்தி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பின்மேல் கையகல உயரத்திலிருந்து தட்டினாலும் நிற்க வேண்டும். அது போலவே முழு ஏற்றத்திலிருந்து பெருவிரலால் மெல்ல இறக்கும்போது அரை ஏற்றத்தில் சியர் 'டிக்' என்று தானே விழ வேண்டும். குதிரையின் வாய்க்குழி நிப்பிளின் நடுவில் உட்காருகிறதா என்று பார்க்க, நிப்பிளின் தலையில் கரி பூசி, குதிரையை மெல்ல இறக்கி எடுத்தால் குழிக்குள் வட்டம் முழுதாகப் பதிந்திருக்கும். பிறை போல ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் குதிரை சதுர அச்சில் ஆடுகிறது என்று பொருள், அதைச் சரிசெய்யாமல் உரிமையாளரிடம் கொடுக்கக் கூடாது.

வேலை முடிந்த துப்பாக்கியைத் தோலுறையிலோ பஞ்சு வைத்த பெட்டியிலோ அடைக்கக் கூடாது, இரண்டும் ஈரத்தை இழுத்து எஃகோடு ஒட்டி வைக்கும். பூட்டிய இரும்பு அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகளோடு, குதிரையை முழுதும் இறக்கிய நிலையில் நிறுத்தி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்க ஆணியைத் தளர்த்தி லாக்கின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லி நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம்.